இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்குக்கு எந்தப் படிப்பு? மிட்ராண்டில் இருக்கும் ஒரு தாய்க்குப் பதில்

கேள்வி: "எங்களுக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். ஜோஹன்னஸ்பர்க் வந்து ஒன்பது வருடம் ஆகிறது, மிட்ராண்டில் இருக்கிறோம். மகள் கிரேடு 11. கணக்கில் 80க்கு மேல் வாங்குகிறாள், அக்கவுண்டிங்கும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்தான் வேண்டும் என்கிறாள். என் கணவர், முதலில் இன்ஜினியரிங், அப்புறம் எம்பிஏ என்கிறார். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த எங்கள் குடும்ப நண்பர் ஒருவர், சிஏ தவிர வேறு எதையும் யோசிக்காதீர்கள் என்கிறார். பள்ளி ஆசிரியை ஆக்சுவேரியல் சயின்ஸ் என்கிறார். எதில் சேர்ப்பது?"

வணக்கம். சாண்ட்டனில் ஒரு வங்கியின் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் பிரிவில் வேலை செய்கிறேன். புதிதாகச் சேர வருகிற பட்டதாரிகளை நேர்காணல் செய்யும் குழுவிலும் இருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் டர்பன் நண்பர் சொல்வதுதான் இந்த நாட்டுக்குப் பொருந்தும். கணக்கும் நன்றாக வந்து, அக்கவுண்டிங்கும் பிடித்திருக்கிற பிள்ளைக்கு, சைக்கா (தென்னாப்பிரிக்காவின் சிஏக்களுக்கான அமைப்பு) அங்கீகாரம் பெற்ற அக்கவுண்டிங் பட்டம் படித்து, சிஏ(எஸ்ஏ) முடித்து, அங்கிருந்து வங்கிக்குள் போவதுதான் தென்னாப்பிரிக்காவில் நேரான வழி. கணக்கு என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற பிள்ளையாக இருந்தால் மட்டும் ஆக்சுவேரியல் பக்கம், அதாவது காப்பீடு, பென்ஷன் போன்றவற்றின் அபாயத்தைக் கணிதத்தால் அளக்கும் படிப்பின் பக்கம், போகலாம். இன்ஜினியரிங் தப்பில்லை. ஆனால் அது இன்ஜினியரிங் மீது ஆசை உள்ளவர்களுக்கு. வங்கிக்குள் நுழைய ஒரு படிக்கட்டாக நினைத்து நான்கு வருடம் தெர்மோடைனமிக்ஸ் படிப்பது பிள்ளைக்குப் பெரிய சுமை. எம்பிஏ பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதும் காரணம் இல்லாமல் இல்லை. இந்தியாவில் அதுதான் வழக்கம். ஐஐடி, அப்புறம் ஐஐஎம், ஐஐஎம் வளாகத்துக்கே வங்கிகள் வந்து ஆள் எடுக்கும். அமெரிக்காவில் கதை வேறு. வரலாறு படித்தவர்கள்கூட நல்ல பல்கலைக்கழகமும் கோடைக்கால இன்டர்ன்ஷிப்பும் இருந்தால் நியூயார்க் வங்கியில் சேர்ந்துவிடுவார்கள். இங்கே இரண்டும் இல்லை. கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் ஜிஎஸ்பி, பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் கிப்ஸ், ஜோஹன்னஸ்பர்க்கில் உள்ள விட்ஸ் பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூல் எல்லாம் நல்ல எம்பிஏ தருகின்றன. ஆனால் அங்கே வந்து உட்காருவது பெரும்பாலும் சில வருடம் வேலை பார்த்து, மேலாளர் ஆகும் நிலையில் இருப்பவர்கள். முதல் வேலைக்கான வாசல் அது இல்லை.

சிஏவுக்கு ஏன் இங்கே இவ்வளவு மரியாதை? ஜோஹன்னஸ்பர்க் பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்களின் நிதி இயக்குநர்களில் பெரும்பாலோர் சிஏக்கள். கணக்கைத் தணிக்கை செய்கிறவரும் சிஏ. ஒரு நிறுவனத்தை வாங்குவது விற்பது பற்றிப் பேச மேஜையைச் சுற்றி உட்காரும்போது, எதிரில் இருப்பவர் தன் நிதிநிலை அறிக்கையை வரிவரியாக அறிந்தவர். வங்கியின் பக்கம் இருக்கிறவர் அந்த அறிக்கையில் தடுமாறினால் முதல் கூட்டத்திலேயே தெரிந்துவிடும். சந்தையும் சிறியது. ராண்ட் மெர்ச்சன்ட் பேங்க், இன்வெஸ்டெக், ஸ்டாண்டர்ட் பேங்க், அப்சா, நெட்பேங்க் என்று உள்ளூர்ப் பெயர்களைச் சொல்லி முடித்துவிடலாம். ஜேபி மார்கன், கோல்ட்மன் சாக்ஸ் போன்றவர்களுக்கும் இங்கே அலுவலகம் உண்டு, ஆனால் குழுக்கள் சின்னவை. நாலைந்து பேர் கொண்ட குழுவில் புதிதாக வருகிறவருக்கு அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. பாதி பழகி வருகிறவரைத்தான் தேடுவார்கள்.

வேலை என்ன என்பதையும் மகளிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங் என்றதும் திரை நிறைய ஓடும் பங்கு விலைகள்தான் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருகிறது. அது குளோபல் மார்க்கெட்ஸ் பிரிவு: வட்டி, அந்நியச் செலாவணி, டெரிவேட்டிவ்ஸ் வியாபாரம். கார்ப்பரேட் ஃபைனான்ஸ் வேறு. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்க ஆலோசனை சொல்வது, பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டுவது, கடன் பத்திரம் கட்டமைப்பது, இவைதான் அங்கே. பென்ஷன் பணத்தையும் யூனிட் டிரஸ்டையும் நிர்வகிக்கும் அசெட் மேனேஜ்மென்ட் மூன்றாவது. அதில் ஆசை இருந்தால் பார்வையைக் கேப்டவுன் பக்கம் திருப்ப வேண்டும். ஆலன் கிரே, கொரொனேஷன், நைன்ட்டி ஒன் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. மூன்றுக்கும் வெளியில் ஒரே பெயர் சொன்னாலும், கேட்கும் படிப்பு ஒன்றல்ல. மகள் எதைச் சொல்கிறாள் என்று தெரியாமல் பட்டத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. கீழே எழுதுவது பெரும்பாலும் கார்ப்பரேட் ஃபைனான்ஸை மனதில் வைத்து.

அக்கவுண்டிங் ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்கைக் காட்டினால் புரியும். ஒரு துணிக்கடைத் தொடர் விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் நானே போட்டவை. கடை வாடகை கழிக்கும் முன் வருட லாபம் 100 மில்லியன் ராண்ட். வாடகை 30 மில்லியன். பழைய முறையில் வாடகையைக் கழித்து, வட்டி, வரி, தேய்மானத்துக்கு முந்தைய லாபம் 70 மில்லியன் என்று எழுதுவார்கள். இந்த மாதிரிக் கடைகள் ஆறு மடங்குக்கு விலை போகிறது என்றால் 420 மில்லியன். 2019 ஜனவரி முதல் ஐஎஃப்ஆர்எஸ் 16 விதி அமலுக்கு வந்தது. குத்தகையை இனி வாடகைச் செலவாகக் காட்டக் கூடாது, கடனாகக் கணக்கில் ஏற்ற வேண்டும். அந்த 30 மில்லியன் தேய்மானமாகவும் வட்டியாகவும் கீழே இறங்கிவிடும், மேலே லாபம் 100 மில்லியன் என்று நிற்கும். பழைய பழக்கத்தில் அதையும் ஆறால் பெருக்கினால் 600 மில்லியன். கடையில் ஒரு சட்டைகூடக் கூடுதலாக விற்கவில்லை, விலை மட்டும் 180 மில்லியன் ஏறிவிட்டது. குத்தகைக் கடனைக் கழிக்க வேண்டும், ஆறு மடங்கு என்பது எந்த முறையில் கணக்கிட்ட ஆறு என்று கேட்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளையை மூத்தவர்கள் அடுத்த கூட்டத்துக்கும் அழைத்துக்கொண்டு போவார்கள். எக்செல் எல்லோருக்கும் தெரியும். எந்த எண்ணை நம்பக் கூடாது என்பது அக்கவுண்டிங்கை ஆழமாகப் படித்தவர்களுக்குத்தான் சட்டென்று தோன்றும்.

மரச்சாமான் வியாபாரத்தில் பெரிய நிறுவனமாக இருந்த ஸ்டைன்ஹாஃபின் விவகாரம் உங்களுக்கு நினைவிருக்கும். 2017 டிசம்பரில் தலைமை நிர்வாகி விலகினார், ஒரே நாளில் பங்கின் மதிப்பில் பாதிக்கு மேல் போயிற்று. பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனம் விசாரித்து 2019இல் தந்த அறிக்கை, சுமார் 650 கோடி யூரோ அளவுக்குப் பொய்யான அல்லது முறைகேடான பரிவர்த்தனைகளைக் காட்டியது. அரசு ஊழியர்களின் பென்ஷன் பணமும் அதில் மாட்டிக்கொண்டது. நம் தெருவில் இருக்கும் பள்ளி ஆசிரியர், நர்ஸ், போலீஸ்காரர் எல்லோருடைய சேமிப்பும்தான் அது. எண்களைப் படிக்கத் தெரிந்த ஆட்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். வேலை வாங்குவதற்கு மட்டும் தேவைப்படுகிற அறிவு இல்லை இது.

சரி, சிஏ வழி எப்படிப் போகும்? அங்கீகாரம் பெற்ற பட்டம் மூன்று வருடம். அப்புறம் ஒரு வருடம் முதுநிலை டிப்ளமோ, எல்லோரும் சிடிஏ என்றே சொல்வார்கள். அது முடிந்து சைக்காவின் முதல் தேர்வு. பிறகு மூன்று வருடம் பயிற்சி ஒப்பந்தம், அதாவது ஆர்ட்டிகிள்ஸ். அதன் நடுவே ஏபிசி என்ற கடைசித் தேர்வு. எல்லாம் சேர்த்து ஏழு வருடம். மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த ஏழில் கடைசி மூன்று வருடம் சம்பளத்தோடு வேலை என்பதை மறக்க வேண்டாம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஆர்ட்டிகிள்ஸ் என்றால் தணிக்கை நிறுவனத்தில்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. தணிக்கைக்கு வெளியே, வங்கிக்குள்ளேயே பயிற்சி ஒப்பந்தம் செய்யலாம். டாப் என்று சுருக்கிச் சொல்வார்கள். இன்வெஸ்டெக், ராண்ட் மெர்ச்சன்ட் பேங்க் போன்ற இடங்களில் இந்தத் திட்டம் பல வருடமாக நடக்கிறது. மூன்று வருடத்தில் வங்கியின் வெவ்வேறு பிரிவுகளில் மாறி மாறி உட்காரவைப்பார்கள். முடியும்போது கையில் சிஏவும் இருக்கும், வங்கி அனுபவமும் இருக்கும். இடங்கள் மிகக் குறைவு. பட்டத்தின் இரண்டாம், மூன்றாம் ஆண்டு மதிப்பெண்ணை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். கிடைக்காவிட்டால் பெரிய தணிக்கை நிறுவனத்தில் ஆர்ட்டிகிள்ஸ் முடித்து, அங்கேயே டீல் ஆலோசனைப் பிரிவுக்கு மாறி, பிறகு வங்கிக்கு வருவது. என்னோடு வேலை செய்கிறவர்களில் இந்த வழியில் வந்தவர்கள் நிறைய. தணிக்கையில் இருந்த மூன்று வருடம் வீண் என்று அவர்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கிடங்கில் நின்று சரக்கை எண்ணியவருக்குத்தான் கணக்குப் புத்தகத்தில் இருக்கும் சரக்கு கிடங்கில் இல்லாமலும் இருக்கலாம் என்பது உறைக்கும்.

சிடிஏ வருடம்தான் கண்டம். மூன்று வருடமும் நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட அங்கே வழுக்குகிறார்கள். நிதிக் கணக்கு, மேலாண்மைக் கணக்கு, தணிக்கை, வரி நாலும் ஒரே கேள்வியில் கலந்து வரும். அந்த ஒரு வருடம் வீட்டில் விசேஷம், ஊர்ப் பயணம் எதுவும் வைக்காதீர்கள் என்று பெற்றோர்களிடம் நான் நேராகவே சொல்வதுண்டு. ஊரில் சித்தி மகள் கல்யாணம் என்றால் நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள்.

ஆக்சுவேரியல் சயின்ஸ் பற்றி ஆசிரியை சொன்னது பிள்ளையின் கணக்கைப் பார்த்து. அது பெருமைதான். கேப்டவுன், விட்ஸ், ஸ்டெலன்போஷ், பிரிட்டோரியா நான்கிலும் நல்ல திட்டங்கள் இருக்கின்றன. வங்கிகளும் அந்தப் பிள்ளைகளை விரும்பி எடுக்கின்றன, முக்கியமாக குளோபல் மார்க்கெட்ஸ் பக்கமும் ரிஸ்க் பக்கமும். ஆனால் பள்ளியில் கணக்கில் 80 வாங்குவது வேறு, நிகழ்தகவும் உயர்கணிதமும் வாரம் முழுக்கப் படிப்பது வேறு. மேட்ரிக்கில், அதாவது கிரேடு 12 இறுதித் தேர்வில், 80 என்பது ஏழாம் நிலை, அதாவது டிஸ்டிங்ஷன். ஆக்சுவேரியலில் சேர்கிற பிள்ளைகள் பெரும்பாலும் 90ஐத் தாண்டியவர்கள். முதல் வருடத்திலேயே பலர் வேறு பட்டத்துக்கு மாறுகிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மாறும்போது மதிப்பெண் பட்டியலில் இரண்டு மூன்று தோல்விகள் ஏறிவிட்டால் பிற்பாடு வங்கிக்கு விண்ணப்பிக்கும்போது அது கண்ணில் படும். ஆக்சுவேரியலில் தட்டுத்தடுமாறித் தேறிய 55ஐவிட அக்கவுண்டிங்கில் நின்று வாங்கிய 75 எங்கள் மேஜையில் மேலே இருக்கும். பட்டத்தின் பெயருக்காக மட்டும் யாரும் கூடுதல் மதிப்பெண் போடுவதில்லை.

மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஒரு கணக்கு வரவில்லை என்றால் விடை தெரியும்வரை தூங்காமல் உட்கார்ந்திருப்பாளா, அல்லது விடைத்தாளைப் பார்த்துப் புரிந்துகொண்டு அடுத்ததற்குப் போவாளா? முதல் ரகம் என்றால் ஆக்சுவேரியல் அவளுக்குச் சந்தோஷம் தரும். இரண்டாவது ரகம் நல்ல ரகம்தான், வங்கியில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

இன்ஜினியரிங் பற்றி உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. இங்கே இன்ஜினியர்களுக்கு இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங்கில் ஒரு தனி இடம் உண்டு: புராஜெக்ட் ஃபைனான்ஸ். 2011இல் அரசு தொடங்கிய தனியார் புதுப்பிக்கத்தக்க மின்சாரக் கொள்முதல் திட்டத்துக்குப் பிறகு நார்தர்ன் கேப்பில் சூரிய மின் நிலையங்களும், ஈஸ்டர்ன் கேப்பில் காற்றாலைகளும் வந்தன. இவற்றுக்குக் கடன் கொடுத்தது பெரும்பாலும் உள்ளூர் வங்கிகள்தான். இருபது வருடம் வெயில் எவ்வளவு அடிக்கும், தகடு எவ்வளவு தேயும், கட்டுமானம் ஆறு மாதம் தள்ளிப்போனால் கடனை எப்படி அடைப்பது என்று கேட்கும் இடத்தில் இன்ஜினியர் இருந்தால் நல்லது. சுரங்கத் துறை டீல்களிலும் அப்படித்தான். எனவே மகளுக்கு இயந்திரமும் மின்சாரமும் உண்மையில் பிடித்திருந்தால், விட்ஸிலோ பிரிட்டோரியாவிலோ இன்ஜினியரிங் படித்து, பிறகு முதலீட்டுத் துறைக்கான சிஎஃப்ஏ தேர்வு எழுதி இந்தப் பக்கம் வரலாம். பிடிக்கவில்லை என்றால் வேண்டாம். அப்பாவுக்குப் பிடித்த பாடத்தில் பிள்ளை வாங்குகிற 60, நேர்காணல் அறைவரைகூட வராது.

மற்ற பட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிகாம் ஃபைனான்ஸ், பிகாம் இன்வெஸ்ட்மென்ட் மேனேஜ்மென்ட் என்ற பெயர்கள் கவர்ச்சியாக இருக்கும். அவை அசெட் மேனேஜ்மென்டுக்கு நல்லவை. மூன்று வருடத்தோடு நிறுத்தாமல் ஆனர்ஸ் செய்ய வேண்டும், அது கிட்டத்தட்டக் கட்டாயம். பொருளாதாரம் தனியாக என்றால் ரிசர்வ் பேங்க், ஆராய்ச்சிப் பிரிவுகள் பக்கம் போகும். கணக்கு அல்லது நிதியோடு சேர்த்து எடுத்தால் பயன் அதிகம். சட்டம் படித்தவர்கள் டீலின் ஒப்பந்தங்களை எழுதுவார்கள், அது வேறொரு நல்ல வாழ்க்கை. கேப்டவுனின் பிசினஸ் சயின்ஸ் பட்டம் நான்கு வருடம், ஆனர்ஸ் உள்ளேயே சேர்ந்தது. நிதியும் அக்கவுண்டிங்கும் சேர்ந்த பிரிவு அதில் இருக்கிறது. சிஏவா நிதியா என்று முடிவு பண்ண முடியாமல் இருக்கிற பிள்ளைக்கு அது பொருத்தமான இடம்.

எந்தப் பல்கலைக்கழகம் என்பதில் நம்மவர்கள் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். கேப்டவுன், விட்ஸ், ஸ்டெலன்போஷ் மூன்றுக்கும் வங்கிகள் கூடுதலாக வரும், மறுக்கவில்லை. பிரிட்டோரியா, ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழகங்களின் அக்கவுண்டிங் துறைகளும் பலமானவை. மிட்ராண்டிலிருந்து விட்ஸுக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பது ஏழு வருடப் பயணத்தில் சின்ன விஷயம் இல்லை. டர்பனில் இருக்கிறவர்களுக்கு குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகம். அதன் ஒரு வேர் 1961இல் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று நிறவெறி அரசு ஒதுக்கிய கல்லூரி. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் படகில் போய்ப் படித்த இடம். அது டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாக வளர்ந்து, 2004இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. உங்கள் சாட்ஸ்வொர்த் நண்பர் சிஏ என்று அடித்துச் சொல்வதற்குப் பின்னால் அந்தத் தலைமுறையின் அனுபவம் இருக்கிறது. தேர்வு எழுதித் தேறினால் கிடைக்கிற தகுதியை யாராலும் பறிக்க முடியாது என்று கண்டவர்கள் அவர்கள். கையில் பணமே இல்லை என்றால் யுனிசா இருக்கிறது, தொலைநிலைக் கல்வி, சிஏவுக்கு அங்கீகாரம் உள்ளது. கடினம்தான், ஆனால் மூடிய கதவு இல்லை.

பணத்தைப் பற்றித் தெளிவாகப் பேசிவிடலாம், ஏனென்றால் உங்களைப் போல இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்கள் இதில்தான் கடைசி நிமிடத்தில் அதிர்ச்சி அடைகிறார்கள். உங்கள் விசா நிலை என்ன என்று நீங்கள் எழுதவில்லை. நிரந்தரமாக வசிக்கும் அனுமதி (பெர்மனென்ட் ரெசிடென்ஸ்) இருந்தால் உள்ளூர்க் கட்டணம். வேலை விசாவில் இருந்தால் பல பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்கும், அது கணிசமாக அதிகம். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை விசாவில் இருந்தவர்கள் நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஹோம் அஃபேர்ஸில் அது நகர்கிற வேகம் உங்களுக்கே தெரியும், எனவே மகள் மேட்ரிக் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பர்சரி, அதாவது படிப்பு உதவித்தொகை விஷயத்தில் இன்னொன்று. வங்கிகளும் தணிக்கை நிறுவனங்களும் தருகிற பர்சரிகள் பெரும்பாலும் குடிமக்களுக்கு. அவற்றில் பல, பி-பிபிஇஇ என்ற கருப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தின் வரையறைப்படி கருப்பினத்தவர் என்ற பிரிவுக்கு முன்னுரிமை தருகின்றன. அந்த வரையறையில் ஆப்பிரிக்கர், கலர்டு, இந்தியர் மூவரும் அடக்கம். ஆனால் பிறப்பாலோ வம்சத்தாலோ தென்னாப்பிரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது 1994 ஏப்ரல் 27க்கு முன் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும், அல்லது அப்போதே பெறத் தகுதி இருந்திருக்க வேண்டும். உங்கள் நண்பரின் பிள்ளைகள் இதில் வருவார்கள், உங்கள் மகள் வரமாட்டாள். இதை அநியாயம் என்று நினைக்க வேண்டாம். நிறவெறிக் காலத்தில் அடைபட்டவர்களுக்காகப் போட்ட சட்டம், நாம் அதற்குப் பிறகு வந்தவர்கள். பர்சரி கிடைத்துவிடும் என்று நம்பிக் கணக்குப் போடாமல், கட்டணத்தை நீங்களே கட்டுவதாக வைத்துத் திட்டமிடுங்கள். பல்கலைக்கழகங்கள் மேட்ரிக் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கொடுக்கும் கட்டணச் சலுகைகளை அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள்.

பட்டம் படிக்கும்போதே செய்ய வேண்டியது சில உண்டு. வேக் வொர்க், அதாவது விடுமுறை வேலை, மிக முக்கியம். ஜூன், ஜூலை விடுமுறையிலும் வருடக் கடைசியிலும் வங்கிகள் மாணவர்களைச் சில வாரங்களுக்கு எடுக்கும். பட்டதாரித் திட்டத்துக்கு ஆள் எடுக்கும்போது முதலில் பார்ப்பது அப்படி வந்து போனவர்களைத்தான். எந்த மாதம் விண்ணப்பம் மூடுகிறது என்பதை இரண்டாம் வருடத்தின் தொடக்கத்திலேயே குறித்து வைக்க வேண்டும். சிஎஃப்ஏ முதல் நிலையைப் பட்டத்தின் கடைசி இரண்டு வருடத்தில் எழுதலாம், ஆனால் சிஏ வழியில் இருக்கிற பிள்ளை அதற்கு அவசரப்பட வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு குதிரை ஏறி இரண்டிலும் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போதே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. பங்குச் சந்தையின் சென்ஸ் என்ற செய்திச் சேவையில் நிறுவனங்கள் வெளியிடும் அறிவிப்புகளை யாரும் காசில்லாமல் படிக்கலாம். எடுத்துக்காட்டாக, 2024 ஏப்ரலில் பிஎச்பி என்ற சுரங்க நிறுவனம் இன்னொரு சுரங்க நிறுவனமான ஆங்கிலோ அமெரிக்கனை வாங்கக் கேட்டது. முதலில் சொன்ன விலை சுமார் 3,100 கோடி பவுண்டு. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஜோஹன்னஸ்பர்க்கில் பட்டியலில் இருந்த ஆங்கிலோ அமெரிக்கன் பிளாட்டினம், கும்பா இரும்புத்தாது இரண்டிலும் இருக்கும் தன் பங்குகளை ஆங்கிலோ முதலில் தன் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். விலையை இரண்டு தடவை உயர்த்திப் பார்த்தும் நிபந்தனையை விடவில்லை, மே மாதக் கடைசியில் பேச்சு முறிந்தது. அந்த நிபந்தனை ஏன், அதன் சுமை யார் தலையில், இந்த நாட்டு அரசு ஏன் கவலைப்பட்டது என்று மகளை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். எழுதுவது அவளுக்குப் பிடித்தால் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் அவளுக்கு ஒத்துவரும். சலித்துப்போனால் அதுவும் இப்போதே தெரிந்தது நல்லது.

இன்னொரு சின்னக் கேள்வி, நாங்கள் நேர்காணலில் கேட்கும் ரகம். ஒரு நிறுவனத்தின் தேய்மானச் செலவு 100 ராண்ட் கூடினால் என்ன ஆகும்? இங்கே நிறுவன வரி 27 சதவீதம். லாபம் 73 குறையும். வரி 27 மிச்சமாவதால் கையிருப்புப் பணம் 27 கூடும். சொத்துப் பக்கம் இயந்திரம் 100 குறைந்து பணம் 27 ஏற, மொத்தம் 73 இறங்கும். எதிர்ப்பக்கம் பங்குதாரர் நிதியும் அதே 73 இறங்கிச் சமன் ஆகும். கிரேடு 11 அக்கவுண்டிங் படிக்கிற பிள்ளைக்கு இது புரியும். செலவு கூடினால் பணம் எப்படி ஏறும் என்று அவளாகவே திருப்பிக் கேட்டாள் என்றால், எனக்கு அவளைப் பற்றிக் கவலையே இல்லை.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் எழுத வேண்டும், இதைப் படிக்கும் மற்றப் பெற்றோருக்காக. கிரேடு 10க்குப் போகும்போது கணக்குக்குப் பதிலாக மேத்ஸ் லிட் (மேத்தமேட்டிகல் லிட்டரசி என்ற எளிய கணக்குப் பாடம்) எடுத்துவிட்டால் மேலே சொன்ன பட்டங்கள் எதுவும் கிடையாது. மேத்ஸ் லிட்டில் 95 வாங்கினாலும் கிடையாது. சுலபமாக மதிப்பெண் வருமே என்று சில பள்ளிகள் பிள்ளைகளை அந்தப் பக்கம் தள்ளுகின்றன. பிள்ளை கணக்கில் 50 வாங்குகிறது என்றால் டியூஷன் வைத்துத் தூக்குங்கள், பாடத்தை மாற்றாதீர்கள். அக்கவுண்டிங் பள்ளியில் எடுக்காதவர்கள் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் பிடித்துக்கொள்ளலாம். கணக்கு அப்படி இல்லை.

உங்கள் மகளுக்கு இந்த வருடம்தான் முக்கியமான வருடம். மேட்ரிக் ரிசல்ட் ஜனவரியில் வரும், ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு நடுவிலேயே பல்கலைக்கழக விண்ணப்பங்கள் மூட ஆரம்பித்துவிடும். தற்காலிக இடம் கொடுப்பது கிரேடு 11இன் கடைசி மதிப்பெண்ணைப் பார்த்து. இந்த நவம்பர் பரீட்சையில் கணக்கு 85ஐத் தாண்டட்டும். சில இடங்களில் என்பிடி என்ற பல்கலைக்கழகச் சேர்க்கைத் தேர்வும் கேட்பார்கள், அதற்குத் தேதியை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். விண்ணப்பத்தில் விட்ஸுக்கு அக்கவுண்டிங் சயின்ஸ் முதல் விருப்பம், கேப்டவுனுக்கு பிசினஸ் சயின்ஸில் நிதியும் அக்கவுண்டிங்கும், ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு அக்கவுண்டிங். நவம்பரில் கணக்கு 90ஐத் தாண்டி, மகளும் ஆசைப்பட்டால் மட்டும் ஆக்சுவேரியலை ஓரிடத்தில் முதல் விருப்பமாகப் போட்டு, அதே படிவத்தில் அக்கவுண்டிங்கை இரண்டாவதாக வையுங்கள். விசா விவரத்தை எழுதி அனுப்பினால் கட்டணம் பற்றி இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.